விழும்போது விலகிய கைகள்

தீபாவளி முடிந்த மறுவாரம் எங்கள் பக்கத்தில் ஊருக்கே ஒரு தூக்கம் வரும். விடியும் முன்னே ஹாரன் அடித்து ஆள் ஏற்றிப்போன பாக்டரி வேன்கள் வேப்ப மரத்தடிகளில் மூக்கை நீட்டிப் படுத்துக் கிடக்கும். மாதக்கணக்கில் விரலில் அலுமினியப் பொடியின் வெள்ளி படிந்து திரிந்தவர்கள், கழுவிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர்கள் போல டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். மழை வருவதா வேண்டாமா என்று வானம் நாள் முழுக்க யோசிக்கும். ஊர் ஊராக வெடித்து ஓய்ந்த அத்தனை சத்தத்தையும் செய்து அனுப்பிய சிவகாசி, அதைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்பதுபோல் ஈரத்தில் சுருண்டு கிடக்கும்.

அச்சகங்கள் மட்டும் விழித்திருக்கும். அவர்களுக்கு அது காலண்டர் சீசன். நான் அந்தப் பக்கத்து ஆள். தினசரிக் காலண்டரில் தேதிக்குக் கீழே ஒரு வரி இருக்கிறதே, காலையில் கிழித்து, கசக்கி, மறந்துபோகிற வரி, அதை எழுதிக்கொடுப்பது நான் பார்த்த பல வேலைகளில் ஒன்று. இன்னும் பிறக்காத ஒரு செவ்வாய்க்கிழமைக்கு ஆறுதல் எழுதவேண்டும். யாரென்றே தெரியாத ஒருவரின் அடுத்த ஆவணி மாதத்துக்குத் தைரியம் எழுதவேண்டும். இப்படி வராத நாள்களிலேயே குடியிருந்து பழகியதாலோ என்னவோ, நடக்கிற நாளில் எனக்குக் கால் ஊன்றுவதில்லை. ஒரு வேலையில் இருக்கும்போதே அடுத்த வேலையின் ஜன்னல் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். நாலு பேர் சேர்ந்து நடந்தால் தானாகவே பின்தங்கி, வேலியில் பூத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன்.

இப்படிப்பட்ட என்னைத்தான் இளைஞர்களுக்கான தலைமைப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். காலண்டர் வரிகளைப் படித்தவர்கள், எழுதியவளுக்கு வாழ்க்கை பிடிபட்டுவிட்டது என்று நம்பிவிட்டார்கள். ஊர் வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்தும் முகாம் அது. பட்டாசு ஆலைகள் மறுபடி திறக்கும் வரைக்குமான அந்தச் சும்மா இருக்கும் நாள்களில், முதலாளி வீட்டுப் பிள்ளைகளையும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே இடத்தில் தங்கவைத்து, ஒரே பந்தியில் சாப்பிடவைத்து, பேசவும் முடிவெடுக்கவும் பிறரை நடத்திச்செல்லவும் பழக்குவது அவர்கள் எண்ணம். காலை நேரத்தில் பேச்சுக்கலை வகுப்பு என்னுடையது. நான் தினமும் விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்து போனேன்.

இடம், ரோட்டோரத்துக் கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத வாரமாகப் பார்த்துப் பிடித்திருந்தார்கள். முந்தின கல்யாணத்தின் தெர்மாகோல் மயில்கள் மேடையில் அப்படியே நின்றன. சிம்மாசனம் மாதிரி சிவப்பு வெல்வெட் வைத்த இரண்டு நாற்காலிகளை எடுத்துப்போக யாரும் வரவில்லை. மயிலுக்கு முன்னால், தலைவன் என்பவன் யார் என்று பாடம் நடந்தது. மின்விசிறி சுற்றும்போதெல்லாம் எங்கிருந்தோ ஒரு காய்ந்த ரோஜா இதழ் கிளம்பி, ஓட்டுப்போட வந்தவரைப் போல வரிசைகளுக்கு நடுவே நகர்ந்து போகும். எனக்கு அதைப் பார்க்கத்தான் நேரம் சரியாக இருந்தது.

முகாமை முழுநேரமும் நடத்திய பயிற்சியாளர் கோயம்புத்தூர்க்காரர். காதிலிருந்து வாய்க்கு வளைந்து வரும் மைக்கை மாட்டியிருந்தார். நல்ல மனிதர். ஓடிக்கொண்டே பேசுவார். முதல் நாளே ஒரு விதி போட்டார். இங்கே அண்ணாச்சி கிடையாது, முதலாளி கிடையாது, சார் கிடையாது. எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும்.

அந்த விதி மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டவில்லை. காரணம், வரிசையில் இருந்த ஒரு பையன். தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலை வைத்திருக்கும் ஒரு முதலாளியின் ஒரே மகன். படிப்பை முடித்துவிட்டு வந்திருந்தான். அதே ஆலையில் வேலை பார்க்கும் இளைஞர்களும் முகாமில் இருந்தார்கள். அவன் பெயர் அவர்கள் வாயில் ஏறவே இல்லை. சாம்பார் வாளியைக் கேட்பதற்கும் "ஏங்க", தண்ணீருக்கும் "ஏங்க". அவர்களில் தாயில்பட்டியிலிருந்து வந்த உயரமான பெண் ஒருத்தி இருந்தாள். கல்லூரிக்கும் போவாள், லீவு நாளில் பாக்டரிக்கும் போவாள். பயிற்சியாளர் அவளை எழுப்பி, அவன் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நின்றார். அவள் யோசித்து, "எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா வெளக்கமாத்த எடுத்துரும் சார். நீங்க வந்து தடுப்பீகளா?" என்று கேட்டாள். மண்டபம் சிரித்தது. பையனும் சிரித்தான், தலையைக் குனிந்துகொண்டு.

அவன் என்னிடம் வந்தது அன்றைக்குச் சாப்பாடு முடிந்து, பின்புறம் கை கழுவும் குழாய்களுக்குப் பக்கத்தில். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"மேடம், ஒரு உதவி. கடைசி நாள் எங்க அப்பா வருவாங்க. உங்ககிட்டத்தான் கேப்பாங்க, நீங்க எழுதுறதெல்லாம் அப்பா படிப்பாங்க. இவனுக்கு இது வராதுன்னு சொல்லிருங்க."

எது வராது என்றேன்.

"தலைமை."

ஈரக்கையை உதறிக்கொண்டே மீதியைச் சொன்னான். அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஆலை மறுபடி திறக்கும் நாளில், பூஜை போட்டு, முதலாளி நாற்காலியில் இவனை உட்கார வைத்துவிடுவதாக முடிவாகிவிட்டது. அதற்கு முன்னால் கொஞ்சம் தைரியம் ஏற்றிக் கொண்டுவரத்தான் இந்த முகாம். இவனுக்கு அந்த நாற்காலி வேண்டாம். வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன். அது தெரியவில்லை மேடம், இது வேண்டாம் என்று மட்டும்தான் தெரியும் என்றான். அதை அப்பாவிடம் நீயே சொன்னால் என்ன என்றதற்கு, அப்பா முன்னால் போய் நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது என்றான்.

பார்க்கலாம் என்றேன். அவன் அதைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

அதற்குப்பின் தினமும் காலையில் நான் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது மண்டப வாசலில் நிற்பான். "முடிவு பண்ணிட்டீங்களா மேடம்?" என்பான். இல்லை என்று தலையாட்டுவேன். சரி என்று உள்ளே போய்விடுவான். பரீட்சையில் எப்படியாவது தேறவேண்டும் என்று கெஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எப்படியாவது தோற்கவேண்டும் என்று தவம் கிடக்கிறவனை அப்போதுதான் பார்த்தேன். ஆனால் தோற்கவும் அவனுக்குத் தெரியவில்லை. குழு விளையாட்டுகளில் யாரையும் அதட்டமாட்டான். பின்தங்கியவர்களுக்காக நின்றுவிடுவான். பயிற்சியாளர் மனம் நிறைந்து மற்றவர்களிடம் அவனைக் காட்டிப் பேசுவார். அவன் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான்.

என் வகுப்பில் நான் பெரிதாக எதையும் சொல்லித்தரவில்லை. கண்ணை மூடச் சொல்வேன். மழைச்சத்தம் கேட்கும்வரை பேசாமல் இருப்போம். அப்புறம் ஒவ்வொருவராக, அடிக்கடி மனதில் வந்து நிற்கிற ஒரு காட்சியைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். ஒரு பெண், தீப்பெட்டி ஆலை முற்றத்தில் குச்சிகள் காயும்போது எறும்புகள் வரிசை மாறிப் போவதைச் சொன்னாள். அச்சகத்துக்காரர் மகன், மெஷினிலிருந்து சாமி படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, கண்ணை இமைக்காமல் வந்து விழுவதைச் சொன்னான். அந்த முதலாளி மகன் முறை வந்தபோது, கண்ணைத் திறக்காமலே, மைக்கையும் வாங்காமலே சொன்னான்.

"செருப்பு. எங்க பாக்டரில ஒவ்வொரு ரூம் வாசல்லயும் செருப்பக் கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள போவாங்க. அப்பா கூட நடந்து போறப்ப எனக்கு ஆளுங்க மூஞ்சி தெரியாது. அந்தச் செருப்புதான் தெரியும். அம்புட்டு செருப்புக்கும் சாயங்காலம் கால் வந்து சேரணுமேன்னு தோணும்."

ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. அந்த ஆலையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பக்கம் நான் பார்த்தேன். தாயில்பட்டிப் பெண் மூடிய கண்ணோடு, தன் வெறும் பாதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது, அவன் அப்பாவிடம் சொல்லவேண்டிய வரியை நான் எழுதிப் பார்த்தேன், மனதுக்குள்தான். 'அண்ணாச்சி, உங்கள் மகன் நல்லவன், ஆனால்.' அந்த 'ஆனால்' தாண்டி வரி போகவில்லை. ஈரக் கருவேலங்காடு ஜன்னலில் பின்னோக்கி ஓடியது. பட்டாசு ஆலைகளின் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில், சண்டை போட்டுக்கொண்ட சொந்தக்காரர்கள் மாதிரி தனித்தனியே நின்றன. ஒன்று பற்றினால் மற்றது பிழைக்கவேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டுவது. தெரிந்த விஷயம்தான். அன்றைக்கு என்னவோ அந்த இடைவெளிகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கடைசி நாளுக்கு முந்தின நாள், பயிற்சியாளர் ஒரு விளையாட்டு வைத்தார். எல்லா ஊர் முகாம்களிலும் வைப்பார்களாம். ஒருவர் மேடை விளிம்பில் முதுகைக் காட்டி நிற்கவேண்டும். கீழே இரண்டு வரிசையாகக் குழு கை நீட்டி நிற்கும். நிற்கிறவர் கண்ணை மூடி அப்படியே பின்னால் சாயவேண்டும். குழு தாங்கிக்கொள்ளும். நம்பிக்கை என்றால் என்ன என்று உடம்புக்குத் தெரியும் என்றார். கீழே கல்யாண ஜமக்காளத்தை மடித்துப் போட்டிருந்தார்கள்.

அச்சகத்துக்காரர் மகன் விழுந்தான், பிடித்தார்கள். நகைக்கடைக்காரர் மகள் கத்திக்கொண்டே விழுந்தாள், அவளையும் பிடித்தார்கள். கைதட்டல். அடுத்து முதலாளி மகன். பயிற்சியாளர் அங்கேதான் ஒன்று செய்தார். பிடிப்பதற்கு மற்றவர்களை நகர்த்திவிட்டு, அவன் அப்பா ஆலையிலிருந்து வந்தவர்களை மட்டும் இரண்டு வரிசையாக நிற்கவைத்தார். நாளைக்கு இவர் உங்களை நம்பித்தான் இருக்கப்போகிறார், நீங்கள் இவரை நம்பித்தான் இருக்கப்போகிறீர்கள் என்று மைக்கில் சொன்னார். பெண்கள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டார்கள். வரிசையில் ஒருவன், "ஏங்க, கொஞ்சம் பாத்து விளுங்க, போனஸ் வாங்குன கை" என்றான். தாயில்பட்டிப் பெண் அப்படிச் சொன்னவன் முதுகில் ஒன்று வைத்தாள். எல்லோரும் கையை நீட்டினார்கள். நன்றாகத்தான் நீட்டினார்கள், நான் பார்த்தேன்.

அவன் கண்ணை மூடினான். சாய்ந்தான்.

அந்தச் சாய்வு எனக்கு இன்னும் முடியவில்லை. ஓர் ஆள் அவ்வளவு மெதுவாக விழமுடியுமா என்று தோன்றுகிறது. வெள்ளைச் சட்டை, மேடையின் மயில், காற்றில் மிதந்த இதழ் ஒன்று. அவன் உடம்பு பாதித் தூரம் வந்திருக்கும். நீட்டியிருந்த கைகள் அத்தனையும், யாரும் சொல்லாமலே, ஒரே மூச்சில் பின்வாங்கின. இரண்டு வரிசையும் திரை விலகுவதுபோல விலகின. விலகியதோடு நிற்கவில்லை. ஆளுக்கொரு வாசலுக்குப் பாய்ந்துவிட்டார்கள். போனஸ் கையைப் பற்றிப் பேசியவன் மண்டபத்துக்கு வெளியே செருப்புக் குவியலில் நின்றான்.

பையன் ஜமக்காளத்தில் விழுந்தான். ஒரு கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

வாசல்களில் நின்றவர்கள் தங்கள் கைகளையே பார்த்தார்கள். தாங்கள் எப்படி அங்கே வந்தோம் என்று அவர்களுக்கே புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பயிற்சியாளர் மைக்கில் இருப்பதை மறந்து கத்தினார். இத்தனை நாள் சொல்லியும் முதலாளி வீடு, தொழிலாளி வீடு என்பது உங்கள் மனதைவிட்டுப் போகவில்லையே, வேண்டுமென்றே விட்டுவிட்டீர்களே என்றார். குரல் உடைந்து ஒலிபெருக்கியில் கீச்சிட்டது.

தாயில்பட்டிப் பெண்தான் முதலில் திரும்பி வந்தாள். அவன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். முகத்தில் அழுகை இல்லை, பயம் இருந்தது.

"வேணும்னு விடல சார்" என்றாள். "விளுறதப் புடிக்கக் கூடாது. அதான் எங்க பளக்கம். மருந்துத் தட்டு கை நழுவிருச்சுன்னா எட்டிப் புடிக்கப் போகாத, போட்டுட்டு வெளிய ஓடுன்னுதான் சொல்லித் தந்திருக்காக. இவுக விளுந்ததும் கை தானா பின்னால வந்துருச்சு. கால் தானா ஓடிருச்சு."

மருந்து என்று எங்கள் பக்கம் சொல்வது பட்டாசுக்குள் அடைக்கும் கலவையை. பயிற்சியாளருக்கு அது தெரியாமல், எந்த மருந்து என்று கேட்டார். யாரோ சிரித்துவிட்டார்கள். ஜமக்காளத்தில் மல்லாந்து கிடந்த பையனும் சிரித்தான். வலியில் முகம் கோணியிருந்தது, ஆனாலும் சிரித்தான். யார் சொல்லித் தந்தது என்று படுத்தபடியே அவளைக் கேட்டான்.

"யாரு சொல்லுவாக. உங்க அப்பாதான். ஒவ்வொரு சீசனும் மொத நாளு பாக்டரி கேட்டுப் பக்கத்துல எல்லாத்தையும் நிக்கவச்சு, அவுகளேதான் சொல்லுவாக."

நானும் பயிற்சியாளரும் அவனை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மணிக்கட்டில் சின்ன விரிசல். மாவுக்கட்டுப் போட்டுக் காயும்வரை பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பயிற்சியாளர் மருந்துச்சீட்டோடு போய்விட்டார். வெளியே தூறல். பையன் கட்டுப் போட்ட கையை, யாருடைய குழந்தையையோ வாங்கி வைத்திருப்பவனைப் போல மடியில் வைத்திருந்தான்.

அம்மாவுக்குப் போன் செய்து, அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்று சொன்னான். பிறகு தானாகவே பேச ஆரம்பித்தான். அவர்கள் வீட்டில் அப்பாவைப் பற்றி ஒரு கேலி உண்டாம். அவர் கண்ணெதிரே டம்ளர் உருளும், பால் கிண்ணம் சரியும், மேஜையிலிருந்து கண்ணாடி விழும். கை நீட்டினால் பிடித்துவிடலாம். அப்பா நீட்டமாட்டார். ஒரு அடி பின்னால் போய் நின்றுவிடுவார். முதலாளிக்குக் குனிய வலிக்குதோ என்று அம்மா கேட்பாள், அத்தைகள் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வாராம், காரணம் சொன்னதில்லை. இவன் நடக்கப் பழகிய நாளில் விழுந்தபோதும் அப்பா அப்படித்தான் ஒரு அடி பின்னால் போனார் என்றும், அதற்காக ஆச்சி வீட்டில் அவரோடு ஒரு வாரம் யாரும் பேசவில்லை என்றும் அம்மா சொல்லியிருக்கிறாள்.

"நான் அதை வேற மாதிரி வச்சிருந்தேன் மேடம், மனசுக்குள்ள" என்றான். தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் பொறுத்து, வழக்கம்போலக் கேட்டான், முடிவு பண்ணிவிட்டீர்களா என்று. இல்லை என்றேன். சரி என்றான்.

மறுநாள் கடைசி நாள். பெற்றோர்கள் சாயங்காலம்தான் வரவேண்டும். அவன் அப்பா மத்தியானமே வந்துவிட்டார். பந்தி முடிந்து, நீள மேஜைகளில் தாள் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சாப்பாட்டுக் கூடத்திலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தார். கொஞ்சம் தடித்த உடம்பு, தாழ்ந்த குரல். படியேறியதில் மூச்சு வாங்கியது. மகன் வந்து நின்றான். மாவுக்கட்டைப் பார்த்தார். டம்ளரை மெதுவாக வைத்தார்.

பயிற்சியாளர் ஓடிவந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். குழு பிடிக்கவில்லை என்பதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதைக் கேட்டதும் பெரியவர் கூடத்தின் கோடியில், தட்டு அடுக்கிக்கொண்டிருந்த தன் ஆலைப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். யாரெல்லாம் நின்றது என்று கேட்டார். அவர்கள் தட்டை வைத்துவிட்டு வந்தார்கள். ஆலை திறந்ததும் தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் வேலை இருக்குமா என்ற கவலை அந்தப் பத்தடி நடையில் தெரிந்தது.

"விளுந்தப்ப ஒதுங்கிட்டீகளா?"

"ஆமா மொதலாளி" என்றாள் தாயில்பட்டிப் பெண், தரையைப் பார்த்து.

"எல்லாருமா?"

"எல்லாருந்தான்."

அவர் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு வெளியே வந்தது. தூரத்துப் பிரயாணத்திலிருந்து எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று தகவல் கேட்டவர் விடும் மூச்சு.

"நல்லது. போய் வேலையப் பாருங்க" என்றார்.

பயிற்சியாளர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். பெரியவரும் என்னைத்தான் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க தங்கச்சி. இத்தன நாளு பாத்திருக்கீக. இவன் தாங்குவானா?"

அந்த 'ஆனால்' என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதற்குப் பின்னால் என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியாது. வாயைத் திறந்தேன்.

"அவங்கள ஏம்ப்பா கேக்குறீங்க" என்றான் மகன். "நான் சொல்றேன்."

அவர் திரும்பினார். அவன் கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் பிடித்திருந்தான்.

"நான் வரலப்பா. அந்தச் சேர்ல என்னால உக்கார முடியாது."

"ஏன்?"

"பயமா இருக்கு."

பெரியவர் மேஜையில் சிந்தியிருந்த ஒரு சொட்டுக் காபியை விரலால் இழுத்து இழுத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு இல்லங்கியா?" என்றார் கடைசியில். "ஏலே, சாயங்காலம் கடைசி வேன் கேட்டத் தாண்டுற வரைக்கும் எனக்கு நெஞ்சுக்குள்ள ஒண்ணு உருண்டுக்கிட்டே கெடக்கும். மொத நாள்ல இருந்து அப்படித்தான். ஒங்க அம்மாகிட்டக்கூடச் சொன்னதில்ல."

பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார். "அது இவனுக்கு வந்துறக் கூடாதுன்னுதான் இங்கன அனுப்புனேன். பயிற்சி குடுத்தா பயம் போயிரும்னு சொன்னாக."

நான் எழுதிய ஆறுதல்கள் எல்லாம், வருடம் வருடமாகக் கிழிபட்டுப் போன எல்லா வரிகளும், எங்கேயோ காற்றில் பறந்துகொண்டிருந்தன. ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. பயிற்சியாளர் காதிலிருந்து அந்த மைக்கைக் கழற்றி மேஜையில் வைத்தார். பெரியவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பயத்தை எடுக்க எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

பெரியவர் தலையாட்டினார். கோபம் இல்லை. அவர் மகனை நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவையாக அந்தப் பையனின் முகத்தை அவர் அவ்வளவு நேரம் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

"சரி. இந்த சீசன நானே பாக்கேன். நீ என்ன செய்யப் போற?"

"தெரியலப்பா."

"தெரியலைன்னா தேடு. யாரு வேணாம்னா." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா தெனமும் சாயங்காலம் வேன் கெளம்புறப்ப மட்டும் கேட்டுக்கு வந்து எம் பக்கத்துல நில்லு. ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா நில்லு."

அவன் அவசரப்படாமல் யோசித்தான். அந்த யோசனைக்கு அவர் காத்திருந்தார்.

"வாரேன்ப்பா" என்றான்.

சாயங்கால நிகழ்ச்சிக்கு அவர்கள் இருக்கவில்லை. அவருக்குக் களைப்பாக இருந்தது. நான் வாசல்வரை போனேன். கார் சாவிக்கு மகன் கை நீட்டினான், மாவுக்கட்டுப் போட்ட கை. இருவரும் அதைப் பார்த்தார்கள். டிரைவரை அவர் லீவில் ஊருக்கு அனுப்பியிருந்தாராம். வரும்போது தெரிந்தவர் ஒருவர் காரை ஓட்டிவந்து, அவரை இறக்கிவிட்டுப் போயிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்டியதில்லை என்று சொல்லிக்கொண்டே அவர் ஓட்டுகிற பக்கம் ஏறினார்.

கார் ரோட்டில் ஏறி, நட்டநடுவில், மாட்டுவண்டி வேகத்தில் போனது. மழை விட்டு, ரோடு முழுக்க வானம் கிடந்தது. பின்னால் ஒரு லாரி, ஒரு மினி பஸ், காலண்டர் கட்டுகள் ஏற்றிய ஒரு வண்டி, எல்லாம் வரிசையில் சேர்ந்துகொண்டன. ஹாரன் ஆரம்பித்தது. அப்போது இடதுபக்க ஜன்னல் கண்ணாடி இறங்கியது. வெள்ளைக் கட்டுப் போட்ட ஒரு கை வெளியே நீண்டது. எதிரே ஒரு வண்டி வந்தபோது பொறு என்று நிமிர்ந்தது. ரோடு காலியானதும், போகலாம் என்று நிதானமாக அசைந்தது. ஒவ்வொன்றாக எல்லா வண்டிகளும் அவர்களைக் கடந்து போயின.